சப்ளினின் தொப்பியும் காரின் கதவும்

நகைச்சுவைத் திரைப்படங்களில் ஓட்டை தேடுவது இன்று பலருக்குப் பொழுதுபோக்காகிவிட்டது. நனைந்த சட்டை அடுத்த காட்சியில் எவ்வாறு உலர்ந்தது என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதே. ஆயினும் எந்த ஓட்டையை அடைக்க வேண்டும், எதனை விட்டுவிடலாம் என்பதை சார்ளி சப்ளின் நன்கு அறிந்திருந்தார்.

1914 பெப்ரவரியில், கீஸ்ரன் நிறுவனத்தின் குறும்படங்களில் அவரது நாடோடி முதன்முதலாகத் தோன்றினான். தொளதொளத்த காற்சட்டை, இறுக்கமான கோட், சிறிய தொப்பி, பெரிய சப்பாத்து, கைத்தடி. எல்லாமே ஒன்றுக்கொன்று முரண்பட வேண்டுமெனத் தாம் விரும்பியதாக, 1964இல் வெளியான சுயசரிதையில் சப்ளின் எழுதியுள்ளார். 1936இல் வெளியான 'மொடேர்ன் ரைம்ஸ்' வரை அக்கோலம் அடிப்படையில் மாறவில்லை.

1925இல் வெளியான 'த கோல்ட் ரஷ்' படத்தில் தங்கம் தேடிப் பனிமலை ஏறும்போதும் அதே தொப்பி, அதே கைத்தடி. குளிருக்குக் கம்பளி அங்கி ஏன் இல்லை? படம் விளக்கவில்லை, ரசிகரும் கேட்கவில்லை. ஆனால், பசி தாங்காது தன் சப்பாத்து ஒன்றை அவித்து உண்டபின், தொடரும் பல காட்சிகளில் அந்தக் காலில் கந்தல் சுற்றியபடியே அவன் நடமாடுகிறான். 1896இல், ஏழு வயதில், லண்டனின் லம்பெத் ஏழைகள் விடுதிக்கு அனுப்பப்பட்டவர் சப்ளின். பசியின் அடையாளத்தை அடுத்த காட்சியில் மறந்துவிட அவரால் இயலவில்லை போலும்.

கோடீஸ்வரனான பின்னர், கப்பலில் புகைப்படம் எடுப்பதற்காக அவன் பழைய கந்தலை மீண்டும் அணிகிறான். அதனாற்றான் ஜோர்ஜியா அவனைத் திருட்டுப் பயணி என எண்ணிக் காப்பாற்ற முனைகிறாள். அவளது அன்பு பணத்துக்கானதல்ல என்பதை அந்த உடையே நிரூபிக்கிறது.

'சிற்றி லைற்ஸ்' படப்பிடிப்பு 1928 டிசம்பரில் தொடங்கியது. படம் 1931 ஜனவரியில் வெளியானது. பார்வையற்ற பூக்காரி இந்த நாடோடியைச் செல்வந்தன் என எவ்வாறு நம்புவாள்? இக்கேள்விக்கு விடை காணாமல் கதை நகராது. அக்காட்சியைச் சப்ளின் திரும்பத் திரும்பப் படமாக்கினார். முடிவில் கிடைத்த விடை எளிமையானது. தரித்து நின்ற காரினுள் ஏறி மறுபுறமாக இறங்குகிறான் நாடோடி. கதவு மூடும் ஓசை அவளது காதில் விழுகிறது. பேசாத படத்தில், நாம் கேட்காத ஓர் ஓசையே முழுக்கதையையும் தாங்குகிறது.

தொப்பிக்கு விளக்கம் கேட்காத ரசிகர்கள், அந்தப் பெண்ணின் நம்பிக்கைக்குக் காரணம் இல்லாதிருந்தால் இறுதிக் காட்சியில் கலங்கியிருக்க மாட்டார்கள். நகைச்சுவையில் தர்க்கம் வேண்டியதில்லை என்போர் இப்படத்தை ஒருமுறை பார்க்கட்டும்.