364 நாள் வாக்குறுதி

வங்கி கடன் கொடுத்தால் அது பேலன்ஸ் ஷீட்டில் ஏறிவிடும். "தேவைப்பட்டா தர்றேன்" என்று கையெழுத்து மட்டும் போட்டால் ஏறாது. மச்சானுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கையை விட்டுக் காசு போகவில்லை, ஆனால் அவர் தவணை கட்டாத மாசம் நம்ம வாசலில் ஆள் வந்து நிற்பான்.

இந்த வாக்குறுதிகளையும் கணக்கில் கொண்டுவர 1988-ன் பாசல் விதிகள் முயன்றன. ஒரு கம்பெனிக்கு 100 ரூபாய் கடன் கொடுத்தால் வங்கி 8 ரூபாய் மூலதனம் வைத்திருக்க வேண்டும். ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட வாக்குறுதி என்றால் அதில் பாதி, 4 ரூபாய். ஒரு வருஷம் வரைக்கும்தான் என்றால்? பூஜ்யம்.

புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு அடுத்து என்ன நடந்திருக்கும் என்று சொல்ல வேண்டாம். எங்கே எல்லைக்கோடு போட்டாலும் எல்லாரும் அதற்கு ஒரு படி கீழே வந்து நிற்பார்கள். 364 நாள் கடன் வசதி என்று ஒரு சரக்கே சந்தையில் உருவானது. முடிகிற சமயத்தில் புதுப்பித்துக்கொண்டே போகலாம். நடைமுறையில் அது பல வருஷ வாக்குறுதி, விதிப்படி மட்டும் குறுகிய காலம்.

இதன் விலை என்ன என்று ஜெர்மனியின் டுஸ்ஸல்டார்ஃப் நகரில் இருந்த ஐகேபி வங்கியில் பார்க்கலாம். நடுத்தரத் தொழிற்சாலைகளுக்குக் கடன் கொடுத்துவந்த, யாரும் பெரிதாகக் கவனிக்காத வங்கி. ரைன்லேண்ட் ஃபண்டிங் என்ற தனி நிறுவனத்துக்குப் பின்னால் அது நின்றது. அந்த நிறுவனம் சில மாதக் கடன் பத்திரங்களை விற்று, அந்தப் பணத்தில் அமெரிக்க வீட்டுக்கடன் சார்ந்த நீண்டகாலப் பத்திரங்களை வாங்கியது. குறுகிய காலப் பத்திரம் விற்காமல் போனால் பணம் தருவதாக வங்கிகள் வாக்குக் கொடுத்திருந்தன. ஐகேபியின் பங்கு மட்டும் 810 கோடி யூரோ.

நல்ல காலத்தில் இது அருமையான தொழில். கட்டணம் வருமானமாக வரும், அதற்கு எதிராக மூலதனம் முடங்காது, மூலதனத்தின் மீதான லாப விகிதம் அழகாகத் தெரியும். பத்திரம் வாங்கியவர்களோ வங்கியின் வாக்கை நம்பித்தான் வாங்கினார்கள். அதாவது நஷ்ட அபாயம் வங்கியை விட்டு எங்கேயும் போகவில்லை. கணக்கிலிருந்துதான் போயிருந்தது.

2007 ஜூலை 20-ல், அமெரிக்க வீட்டுக்கடன் பிரச்சினையால் தங்களுக்குப் பெரிய பாதிப்பில்லை என்று ஐகேபி அறிக்கை விட்டது. ஒரு வாரம்தான். 27-ம் தேதி டாய்ச்ச வங்கி ஐகேபிக்கான கடன் வரம்பை நிறுத்தியது. சனி, ஞாயிறு முழுக்க அவசரப் பேச்சுவார்த்தை. திங்கட்கிழமை, அரசு வங்கியான கேஎஃப்டபிள்யூ அந்த 810 கோடி பொறுப்பை ஏற்றுக்கொண்டது வெளியே வந்தது. அமெரிக்காவில் வீட்டுத் தவணை கட்டாதவருக்கு ஜாமீன் நின்றது கடைசியில் ஜெர்மன் வரிகட்டுபவர்!

லேமன் விழுந்தது இதற்கு ஒரு வருஷத்துக்கும் மேல் கழித்துத்தான். 2008 நெருக்கடியை லேமனில் ஆரம்பிக்கிற கட்டுரைகள் மீது எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு.

இப்படிப்பட்ட நிறுவனங்களுக்குத் தரும் வசதிகளில், குறுகிய காலமோ நீண்ட காலமோ, பாதித் தொகையைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்று 2009-ல் பாசல் குழு சொன்னது. ஐகேபியின் முன்னாள் தலைவர் ஸ்டெஃபான் ஓர்ட்சைஃபனுக்கு 2010-ல் நீதிமன்றம் நிறுத்திவைக்கப்பட்ட 10 மாதச் சிறைத்தண்டனை விதித்தது. அந்த 810 கோடி வாக்குறுதிக்காக இல்லை, ஜூலை 20 அறிக்கைக்காக.