சுவெட்டன்ஹாம்: துறைமுகத்துக்குப் பெயர் தந்த சிற்றூரும் ஓர் அரிய குடும்பப் பெயரும்

தாத்தா பாட்டியின் பழைய காகிதங்களைப் பத்திரமாக வைத்திருக்கும் குடும்பங்களில், வந்திறங்கிய இடம் 'போர்ட் சுவெட்டன்ஹாம்' என்று எழுதப்பட்டிருப்பதைப் பார்த்திருக்கலாம். இன்றைய மலேசிய வரைபடத்தில் அந்தப் பெயர் இல்லை. தேடிப் பார்க்கும் பேரப்பிள்ளைகளுக்குக் குழப்பமே மிஞ்சும்.

அது இன்றைய போர்ட் கிள்ளான். 1901ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அத்துறைமுகம் 1972ஆம் ஆண்டுவரை போர்ட் சுவெட்டன்ஹாம் என்றே அழைக்கப்பட்டது. அது சர் ஃபிராங்க் சுவெட்டன்ஹாம் என்ற ஆங்கிலேய அதிகாரியின் பெயர் என்பது பள்ளிப் பாடத்தில் வரும். ஆனால் அந்தப் பெயர் அவருக்கு எங்கிருந்து வந்தது? அதன் வேர் இங்கிலாந்தின் ஒரு சிற்றூரில் இருக்கிறது.

ஸ்வேட்டாவின் குடியிருப்பு

வடமேற்கு இங்கிலாந்தில் செஷயர் என்னும் மாவட்டம் உள்ளது. அங்கே கொங்கிள்டன் நகருக்கு அருகில், டேன் ஆற்றுப் பள்ளத்தாக்கை ஒட்டி, சுவெட்டன்ஹாம் என்ற ஊர் இருக்கிறது. ஒரு பழைய தேவாலயம், ஊர்ப் பெயரையே தாங்கிய ஒரு மதுக்கடை, சுற்றிலும் வயலும் மேய்ச்சல் நிலமும். வசிப்பவர்கள் சில நூறு பேர்தான்.

ஜோட்ரெல் பேங்க் வானொலித் தொலைநோக்கி நிலையத்தை நிறுவிய வானியல் அறிஞர் சர் பெர்னார்ட் லவல் வாழ்ந்ததும் இந்த ஊரில்தான். அவர் அங்கே வளர்த்த மரத்தோட்டம் இன்றும் உள்ளது.

இந்த ஊரின் பெயர் 12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி ஆவணங்களிலேயே காணப்படுகிறது. பழைய ஆங்கிலத்தில் 'ஸ்வேட்டா' என்பது ஓர் ஆளின் பெயர். 'ஹாம்' என்றால் குடியிருப்பு. ஆற்று வளைவில் அமைந்த நிலத்தையும் ஏறக்குறைய அதே ஒலியுள்ள இன்னொரு சொல்லால் குறித்தார்கள். ஆக, 'ஸ்வேட்டா என்பவனின் குடியிருப்பு' அல்லது 'ஸ்வேட்டாவின் ஆற்றோர நிலம்' என்று பொருள் கொள்ளலாம். தமிழ்நாட்டு ஊர்ப் பெயர்களின் கடைசியில் 'குடி', 'பாடி', 'ஊர்' என்று வருவதைப் போன்றதுதான் இந்த 'ஹாம்'.

காற்பந்து ரசிகர்களுக்கு இது புதிதாக இருக்காது. லண்டனிலுள்ள டோட்டன்ஹாமும் இதே முறையில் அமைந்த பெயர்தான். 'டோட்டா' என்பவனின் குடியிருப்பு அது.

ஊர்ப் பெயர் ஆள் பெயரானது

ஆங்கிலேயர்களுக்கும் தொடக்கத்தில் குடும்பப் பெயர் கிடையாது. 1066ஆம் ஆண்டு நார்மன் படையெடுப்புக்குப் பின்னர், ஏறத்தாழ 1400 வரையிலான காலத்தில்தான் அந்த வழக்கம் மெல்ல வேரூன்றியது. வரி வசூலிக்கவும் நிலத்தை எழுதி வைக்கவும், ஒரே பெயருடைய பலரைப் பிரித்துக் காட்ட வேண்டியிருந்தது.

அதற்கு நான்கு வழிகள் இருந்தன. கொல்லனுக்கு 'ஸ்மித்' போலத் தொழிலை வைத்துச் சொல்வது ஒன்று. ஜானின் மகனுக்கு 'ஜான்சன்' போலத் தந்தையை வைத்துச் சொல்வது இன்னொன்று. பட்டப் பெயரால் அழைப்பது மூன்றாவது. ஊரை வைத்துச் சொல்வது நான்காவது.

சுவெட்டன்ஹாம் நான்காவது வகை. அந்த ஊர் நிலத்துக்கு உரிமையாளராக இருந்த குடும்பம் ஊரின் பெயரையே தன் பெயராக்கிக்கொண்டது. ஊரைவிட்டு வெளியே பிழைக்கப் போனவரும் போன இடத்தில் 'சுவெட்டன்ஹாம்காரர்' என்று அறியப்பட்டார். சொந்த ஊரில் எல்லாருமே அந்த ஊர்க்காரர்கள்தான் என்பதால், ஊரை விட்டுப் போனவருக்கே அந்த அடையாளம் அதிகம் தேவைப்பட்டது.

நில உரிமைக் குடும்பத்தின் ஒரு கிளை, பக்கத்திலேயே சோமர்ஃபோர்ட் பூத்ஸ் என்ற இடத்தில் வேரூன்றியது. அங்கே எட்மண்ட் சுவெட்டன்ஹாமுக்காக 1612ஆம் ஆண்டு கட்டப்பட்ட மாளிகை இன்னும் நிற்கிறது.

ஏன் இது அரிய பெயர்?

ஸ்மித் என்ற பெயர் இங்கிலாந்தில் நிறைந்து கிடப்பதற்குக் காரணம் எளிது. ஊருக்கு ஊர் கொல்லன் இருந்தான். பல நூறு இடங்களில் தனித்தனியாக அந்தப் பெயர் பிறந்தது. சுவெட்டன்ஹாம் என்ற ஊரோ ஒன்றுதான். அங்கிருந்து கிளம்பிய ஒருசில குடும்பங்களே அந்தப் பெயரின் தொடக்கம்.

இப்படிச் சிறிய அளவில் தொடங்கிய பெயர்கள் பல அழிந்தே போய்விட்டன. 1348-49ஆம் ஆண்டுகளில் பரவிய கொள்ளைநோய் இங்கிலாந்து மக்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானவர்களைப் பலி கொண்டது. நோய் இல்லாத காலத்திலும், மகன்கள் பிறக்காத வீட்டோடு பெயர் நின்றுவிடும்.

ஃபிரான்சிஸ் கால்டன், ஹென்றி வாட்சன் என்ற இருவர் இதைக் கணக்குப் போட்டே பார்த்தார்கள். அவர்களுடைய ஆய்வுக் கட்டுரை 1874ஆம் ஆண்டு வெளிவந்தது. ஊரின் மக்கள்தொகை குறையாவிட்டாலும், தந்தை வழியில் மட்டும் இறங்கும் பெயர்கள் தலைமுறைக்குத் தலைமுறை ஒவ்வொன்றாக உதிரும் என்பது அதன் சாரம். நூறு வீடுகளில் உள்ள பெயருக்கு ஆபத்து குறைவு. மூன்று வீடுகளில் மட்டும் உள்ள பெயர் எந்தத் தலைமுறையிலும் நின்றுபோகலாம்.

அரிய பெயருக்கு ஒரு பயனும் உண்டு. லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் துரி கிங், மார்க் ஜோப்ளிங் ஆகியோர் ஆங்கிலக் குடும்பப் பெயர்களையும் மரபணுவையும் ஒப்பிட்டு ஆராய்ந்தனர். தந்தையிடமிருந்து மகனுக்கு இறங்கும் ஒய் குரோமோசோம் ஸ்மித் போன்ற பொதுப் பெயர்க்காரர்களிடம் ஆளுக்கு ஆள் வேறுபட்டது. அரிய பெயர் கொண்டவர்களிடையே பலருக்கு அது ஒத்துப்போனது. பெயர் எவ்வளவு அரிதோ, அதைக் கொண்ட இருவர் ஒரே மூதாதையின் வழி வந்திருக்கும் வாய்ப்பு அவ்வளவு அதிகம்.

எழுத்து மாறியது, ஒலி நின்றது

இங்கிலாந்தில் 1538ஆம் ஆண்டு முதல் தேவாலயங்களில் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதும் வழக்கம் தொடங்கியது. அன்று மக்களில் பெரும்பாலோர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். பெயரைச் சொன்னார்கள், பாதிரியாரோ எழுத்தரோ காதில் விழுந்தபடி எழுதினார்.

'ஹாம்' என்று முடியும் பெயர்களை ஆங்கிலேயர்கள் முழுதாக உச்சரிப்பதில்லை. டோட்டன்ஹாமை 'டோட்னம்' என்பார்கள். அதேபோல் சுவெட்டன்ஹாமும் வாய்வழக்கில் 'சுவெட்னம்' ஆனது. சிலர் அதையே எழுத்திலும் ஏற்றார்கள். சுவெட்டன்ஹாமில் 'டி' எழுத்து ஒன்றா இரண்டா என்பதிலும் ஒழுங்கு இருக்கவில்லை. செஷயர் நில உரிமைக் குடும்பமே ஒற்றை 'டி' போட்டு எழுதியதும் உண்டு.

இதனால் ஒரே வேரிலிருந்து சுவெட்டன்ஹாம், சுவெட்னம், சுவீட்னம் என்று பல வடிவங்கள் கிளைத்தன. 1615ஆம் ஆண்டு பெண்களை இழிவுபடுத்தி ஒரு சிறு நூல் எழுதி, பலத்த எதிர்ப்பைச் சம்பாதித்த ஜோசப் சுவெட்னம் இந்தப் பெயர்க்காரர். அவரைக் கேலி செய்து ஒரு நாடகமே மேடையேறியது. மரத்தின் வளையங்களைக் கொண்டு பழங்காலக் காட்டுத் தீயை ஆராய்ந்த அமெரிக்க அறிவியலாளர் தாமஸ் சுவெட்னமின் பெயரும் இதே வகையைச் சேர்ந்தது.

பரவலைப் பார்த்தால், மூல ஊரைச் சுற்றிய செஷயர், அண்டை மாவட்டங்களான ஸ்டாஃபர்ட்ஷயர், டார்பிஷயர் ஆகியவையே இப்பெயரின் தாயகம். அயர்லாந்தில் கார்க் மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் 'சுவீட்னம்' என்ற வடிவம் காணப்படுகிறது. 16, 17ஆம் நூற்றாண்டுகளில் ஆங்கிலேயர்கள் குடியேற்றப்பட்ட வட்டாரம் அது. அட்லாண்டிக் கடந்தவர்களிடம் 'சுவெட்னம்' நிலைத்தது.

மலாயாவுக்கு வந்த அண்ணன் தம்பி

ஃபிராங்க் சுவெட்டன்ஹாம் 1850ஆம் ஆண்டு டார்பிஷயரில் உள்ள பெல்பர் நகரில் பிறந்தார். மூல ஊரிலிருந்து அது 60 கிலோமீட்டருக்கும் குறைவான தூரம்தான். பல நூறு ஆண்டுகளில் பெயர் அவ்வளவுதான் நகர்ந்திருந்தது. பிறகு ஒரே தலைமுறையில் கடல் கடந்தது.

அவர் 1871ஆம் ஆண்டு இளம் அதிகாரியாகச் சிங்கப்பூருக்கு வந்தார். மலாய் மொழி கற்றார். சிலாங்கூரிலும் பிறகு பேராவிலும் ரெசிடெண்டாக இருந்தார். 1896ஆம் ஆண்டு கூட்டு மலாய் மாநிலங்களின் முதல் தலைமை ரெசிடெண்டானார். 1901 முதல் 1904 வரை நீரிணைக் குடியேற்றங்களின் ஆளுநராக இருந்தார்.

அவருடைய அண்ணன் அலெக்சாண்டர் சுவெட்டன்ஹாமைப் பலர் அறிந்திருக்க மாட்டார்கள். இலங்கை ஆட்சிப் பணியில் தொடங்கி, சைப்ரஸ் வழியாகச் சிங்கப்பூர் வந்து, தம்பிக்கு முன்பே இங்கு தற்காலிக ஆளுநராகப் பணியாற்றியவர் அவர். பின்னர் ஜமேக்காவின் ஆளுநரானார். 1907ஆம் ஆண்டு கிங்ஸ்டன் நகரைப் பூகம்பம் தாக்கியபோது, உதவிக்கு இறங்கிய அமெரிக்கக் கடற்படையினரைத் திரும்பிப் போகச் சொன்னதால் சர்ச்சை மூண்டு பதவி விலகினார்.

துறைமுகமும் தொழிலாளர்களும்

கிள்ளான் ஆற்றின் உள்ளே இருந்த பழைய இறங்குதுறைக்குப் பெரிய கப்பல்கள் வர முடியவில்லை. அதனால் ஆற்று முகத்தில் புதிய துறைமுகம் கட்டப்பட்டு, 1901 செப்டம்பரில் திறக்கப்பட்டது. அலையாத்திக் காட்டுச் சதுப்பில் அமைந்த இடம் அது. திறந்த சில வாரங்களிலேயே மலேரியா வேலையாட்களைச் சாய்த்தது. துறைமுகத்தை மூட வேண்டியதாயிற்று. கிள்ளானில் பணியாற்றிய டாக்டர் மால்கம் வாட்சன், சதுப்பைத் தூர்த்து வடிகால் வெட்டச் செய்து நோயைக் கட்டுப்படுத்தினார். பின்னர் ரப்பர் தோட்டங்களிலும் அதே வகை வேலைகள் நடந்தன.

அந்தத் துறைமுகம் வழியாகத்தான் பல ஆயிரம் தமிழர்கள் சிலாங்கூர்த் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்தார்கள். நோய்த் தடுப்பு முகாமில் சில நாட்கள் தங்கவைக்கப்பட்டு, பிறகு தோட்டங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். சென்னை, நாகப்பட்டினத்திலிருந்து வந்த ரஜூலா கப்பலும் பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்றுதான் பயணித்தது.

தெலுக் ஆன்சன் தெலுக் இந்தான் ஆனதுபோல், இந்தத் துறைமுகமும் பெயர் மாறியது. பினாங்கின் சுவெட்டன்ஹாம் பியரிலும் சிங்கப்பூரின் சுவெட்டன்ஹாம் சாலையிலும் பழைய பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

வேரைத் தேடுவோருக்கு

ஏறக்குறைய 800 ஆண்டுகள் கழிந்த பின்னும், சுவெட்டன்ஹாம் என்ற பெயருடையவர் தம் முன்னோரின் ஊரைப் பெயரிலேயே சுமக்கிறார். தமிழர்களிடமும் இதற்கு ஒப்பான வழக்கம் உண்டு. சி.என். அண்ணாதுரையின் பெயரில் 'சி' காஞ்சிபுரத்தையும் 'என்' தந்தை நடராசனையும் குறிக்கும். மலாயாவுக்கு வந்த குடும்பங்களில் ஊருக்குரிய எழுத்து பெரும்பாலும் உதிர்ந்துபோனது. 'அனாக் லெலாக்கி', 'அனாக் பெரம்புவான்' என்று தந்தையின் பெயர் மட்டும் நின்றது. அதுவும் தலைமுறைக்குத் தலைமுறை மாறுவதால், மூன்றாம் தலைமுறையில் பாட்டனாரின் ஊர் எதுவென்று சொல்ல ஆளில்லாமல் போகிறது.

எழுத்துச் சிக்கலும் அதேதான். செஷயர் எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியதைப் போலவே தோட்டத்துக் கிராணியும் எழுதினார். லட்சுமி, முனியம்மா, சுப்பிரமணியம் போன்ற பெயர்கள் ஆங்கில எழுத்தில் நான்கைந்து விதமாகக் கிடக்கின்றன. உடன்பிறந்தவர்களின் பிறப்புப் பத்திரங்களிலேயே தந்தையின் பெயர் வெவ்வேறாக இருப்பதுண்டு.

ஆகவே பழைய பதிவுகளில் தேடுவோர் ஓர் எழுத்து வடிவத்தோடு நின்றுவிடக் கூடாது. பெயரை வாய்விட்டுச் சொல்லி, அந்த ஒலிக்கு எப்படியெல்லாம் எழுதியிருக்கக்கூடும் என்று பார்க்க வேண்டும். இறங்கிய இடத்தைப் போர்ட் கிள்ளான் என்றும் போர்ட் சுவெட்டன்ஹாம் என்றும் இரண்டு பெயராலும் தேட வேண்டும். கப்பலின் பெயர், தோட்டத்தின் பெயர், கங்காணியின் பெயர் ஆகியவை தெரிந்தால் குறித்துக்கொள்ள வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஊரின் பெயரைத் தெரிந்த பெரியவர் வீட்டில் இருந்தால், அவரிடம் இன்றே கேட்டு எழுதி வைப்பது நல்லது. ஊர், வட்டம், மாவட்டம் மூன்றையும் எழுதி, பிறப்புப் பத்திரங்கள் இருக்கும் அதே கோப்பில் சேர்த்துவிட்டால், பேரப்பிள்ளைகள் தேடும் நாளில் அது கையில் இருக்கும்.