ஊர்த்தூள் போன வழி

எங்களில் கனபேரின் வீட்டில் இப்பவும் நடக்கிற விசயம்தான். கனடாவுக்கோ லண்டனுக்கோ ஆரோ ஒருத்தர் போகப்போறார் என்று கேள்விப்பட்டால் போதும், அம்மா செத்தல் மிளகாயை முற்றத்தில் காயப்போட்டுவிடுவா. மல்லி, பெருஞ்சீரகம், சின்னச்சீரகம், மிளகு, வெந்தயம், கறிவேப்பிலை எல்லாம் பதம் பார்த்து வறுபட்டு மில்லுக்குப் போகும். அரைச்சு வந்த தூளை ஆறவிட்டு, மூன்று பொலித்தீன் பைக்குள் கட்டி, ரேப் சுத்தி, சூட்கேஸில் உடுப்புகளுக்கு நடுவில் வைத்து அனுப்புவா. "அங்க எல்லாம் கிடைக்குதாமே" என்று கேட்டால், "கிடைக்கும், எங்கட தூள் மாதிரி வருமே?" என்பதோடு கதை சரி.

அந்தக் 'கிடைக்கும்' எப்பவிருந்து என்பதைத்தான் நாங்கள் தேடிப் பார்த்தோம்.

ஊரைவிட்டுப் போனது 1983இல் தொடங்கின கதையில்லை. 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே யாழ்ப்பாணத்தவர்கள் ரயில்வேக்கும் கந்தோர் வேலைக்குமாக மலாயாவுக்குப் போனார்கள். அவர்களுக்குச் சமையலால் பெரிய கரைச்சல் வந்திருக்காது. தென்னையும் முருங்கையும் கறிவேப்பிலையும் அந்த மண்ணிலும் முளைக்கும். 83 யூலைக்குப் பிறகு போனவர்களுக்கு வாய்த்தது வேற நாடுகள், பனி கொட்டுற நாடுகள். போன விதமும் வேற. 1986 ஆகஸ்ட்டில் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால், இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழரை அந்த ஊர் மீனவர்கள் மீட்டார்கள். அப்படிப் போய்ச் சேர்ந்தவர்களுக்குத் தூள் பார்சல் ஏது? நோர்வேயின் வடகோடியில் மீன் பதனிடும் ஆலைகளில் வேலை செய்தவர்களுக்கு மீனுக்குப் பஞ்சமில்லை. மீனுக்குப் போடுறதுக்குத்தான் ஒன்றுமில்லை.

புலம்பெயர்ந்த கதையை நாங்கள் வழமையாகத் தமிழ்க் கடைகளில் இருந்துதான் தொடங்குவோம். லா சப்பல், ஸ்காபரோ, ரூற்றிங், ஈஸ்ற்ஹாம். அதற்கு முந்தின வருசங்களை விட்டுவிடுகிறோம். அப்போது மல்லியும் வெந்தயமும் மற்ற ஆக்களின் கடைத்தட்டில்தான் இருந்தன. லண்டனில் அந்தக் கடைகளில் பல குஜராத்திகளுடையவை. 1972இல் உகண்டாவில் இடி அமீன் ஆசியர்களுக்கு 90 நாள் தவணை கொடுத்துத் துரத்த, ஏறத்தாழ 27,000 பேர் பிரித்தானியாவுக்கு வந்தார்கள். அவர்களில் பலர் விட்டுவந்ததும் கடை, வந்து திறந்ததும் கடை. எங்கட ஆக்கள் மல்லி வாங்கப் போய் நின்றது, தங்களுக்கு முதல் துரத்தப்பட்ட இன்னொரு கூட்டத்தின் வாசலில். பாரிஸிலும் அப்படித்தான். ஃபோபூர் சென் துனி வீதியில் பாசாஜ் பிராடி என்றொரு ஒடுங்கிய கூரைச்சந்து இருக்கிறது. புதுச்சேரிக்காரரும் பாகிஸ்தானியரும் அங்கே முதலே கடை போட்டிருந்தார்கள். அதே வீதியால் மேலே நடந்தால் லா சப்பல் வரும். மரவள்ளி வேணுமென்றால் ஆபிரிக்கரின் கடை, ரம்பை வேணுமென்றால் சீனரின் கடை.

தேங்காய்தான் வேடிக்கை. முழுத் தேங்காய் கிடைக்காத இடங்களிலும் கேக் சாமான் தட்டில் காய்ந்த தேங்காய்த் துருவல் இருந்தது. அதைச் சுடுதண்ணியில் ஊறவிட்டுச் சம்பல் போட்டார்கள். அந்தத் துருவலை 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து கப்பலேற்றிய நாடுகளில் இலங்கையும் ஒன்று. எங்களுக்கு முதலே எங்கட தேங்காய் வெள்ளைக்காரரின் பிஸ்கற்றுக்குள் போய்ச் சேர்ந்துவிட்டது! புட்டுக்குக் கோதுமை மாவும் பிரச்சினையில்லை. ஊரிலேயே அதற்குப் பேர் அமெரிக்கன் மா. கூழுக்குள் போடுற மரவள்ளியும் செத்தல் மிளகாயுமே அமெரிக்கக் கண்டங்களில் இருந்து ஐரோப்பியரின் கப்பலில் வந்தவைதான். ஒடியல் மாவுக்குத்தான் எந்தக் கடையிலும் மாற்று இல்லை.

கறிவேப்பிலை இன்னொரு தலையிடி. அது தோடை, எலுமிச்சைக் குடும்பம். தோடை மரங்களை அழிக்கிற நோயைக் காவும் பூச்சி அதிலும் தங்கும் என்பதால், அமெரிக்காவுக்குப் பச்சைக் கறிவேப்பிலையைக் கொண்டுபோக விடமாட்டார்கள். சட்டியில் கிழமைக்கு நாலு இலை தருகிற கறிவேப்பிலைக் கன்றை யன்னலோரம் வைத்துப் பிள்ளை மாதிரி வளர்க்கிறவர்களைப் பார்த்துச் சிரிக்கிறதை நாங்கள் விட்டுவிட்டோம்.

பிறகு தமிழ்க் கடைகள் வந்தன, 'யாழ்ப்பாணத் தூள்' என்ற பேரோடு பைக்கற்றுகளும் வந்தன. ஆனால் யாழ்ப்பாணம்? 1970களில் இறக்குமதிக் கட்டுப்பாட்டால் எங்கட தோட்டக்காரர் மிளகாயிலும் வெங்காயத்திலும் நிமிர்ந்தார்கள். கல்வீடு கட்டினார்கள், பிள்ளைகளைப் படிப்பித்தார்கள். 1977இல் பொருளாதாரத்தைத் திறந்துவிட அது சரியத் தொடங்கியது. 1990 யூனில் போர் மீண்டும் மூண்டு வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்தது. எரிபொருள், பற்றரி, உரம், சீமெந்து எல்லாம் தடை. சைக்கிள் டைனமோ சுத்தித்தான் றேடியோ கேட்டார்கள். உரமும் இல்லாமல், இறைக்க எண்ணெயும் இல்லாமல் மிளகாய்க் கன்றை எப்படிக் காப்பாற்றுறது? அங்கே கடைத்தட்டு நிறைந்த அதே வருசங்களில் இங்கே தோட்டம் காய்ந்தது. பைக்கற்றில் பேர் யாழ்ப்பாணம், உள்ளே மிளகாய் எந்த ஊரோ. அம்மாக்களின் பார்சலுக்கு அங்கே ஏன் அவ்வளவு மதிப்பு என்பது எங்களுக்கு இப்பதான் கொஞ்சம் விளங்குது.

2022இல் இங்கே பால்மாவுக்கும் காஸுக்கும் நாங்கள் வரிசையில் நின்றோம். எங்களில் ஒருத்தியின் சித்தி ரொறன்ரோவில் இருந்து எடுத்து, "என்ன அனுப்பிறது, சொல்லுங்கோ" என்று கேட்டா. பால்மா, பருப்பு, அப்பாவின்ர குளிசை என்று அவள் பட்டியல் போட்டுக்கொண்டிருக்க, அம்மா இடையில் போனை வாங்கினா.

"அதெல்லாம் கிடக்கட்டும். போனமுறை குடுத்துவிட்ட தூள் முடிஞ்சுதோ?"