லைன்-1 தாவும் மரபுக்கூறும் புற்றுநோயும்

லைன்-1 என்பது தன்னை நகலெடுத்து மரபணுத்தொகுதியின் வேறோர் இடத்தில் செருகிக்கொள்ளும் டிஎன்ஏ துண்டு. மனித மரபணுத்தொகுதியில் சுமார் 17 விழுக்காடு இதன் நகல்களே. பெரும்பாலானவை சிதைந்தவை, ஏறத்தாழ நூறு மட்டுமே இன்னும் தாவக்கூடியவை. முழு நகல் ஒன்று சுமார் 6,000 காரங்கள் நீளமுடையது. அது முதலில் ஆர்என்ஏவாகப் படியெடுக்கப்படுகிறது. பிறகு அதன் புரதமே குரோமோசோமின் ஓர் இழையை வெட்டி, வெட்டிய முனையிலிருந்து அந்த ஆர்என்ஏவை டிஎன்ஏவாக மாற்றி எழுதுகிறது.

இயல்பான உடற்செல்களில் டிஎன்ஏவில் ஒட்டியிருக்கும் மெத்தில் தொகுதிகள் லைன்-1ஐ அடக்கி வைக்கின்றன. பல புற்றுநோய்களில் இந்தப் பிடி தளர்ந்துவிடுகிறது. 1992இல் வெளியான ஆய்வு இத்துறையின் திருப்புமுனை. ஒரு நோயாளியின் பெருங்குடல் கட்டியில், கட்டி வளர்வதைத் தடுக்கும் ஏபிசி மரபணுவுக்குள் லைன்-1 புகுந்து அதைக் குலைத்திருந்தது. அதே நோயாளியின் நலமான திசுவில் அந்தச் செருகல் இல்லை.

உணவுக்குழாய், தலை-கழுத்து, பெருங்குடல் புற்றுநோய்களில் தாவல் மிகுதி. பெரும்பாலான செருகல்கள் தீங்கின்றிக் கிடப்பவை. ஆனால் சில, குரோமோசோமின் பெரும்பகுதியையே நீக்கி, கட்டியைத் தடுக்கும் மரபணுக்களை அழித்துவிடுகின்றன. 2020இல் ஏறத்தாழ 3,000 புற்றுநோய் மரபணுத்தொகுதிகளை ஆராய்ந்தபோது இது தெளிவாயிற்று. லைன்-1 புரதத்தை இரத்தத்தில் கண்டறிந்து நோயை முன்கூட்டியே அறியும் முயற்சிகளும் நடைபெறுகின்றன.