வால்வும் டிரான்ஸிஸ்டரும்

1955-ஆம் ஆண்டு ஜனவரியில் ஆவடியில் காங்கிரஸ் மகாசபை கூடியது. 'சோஷலிஸ பாணி சமுதாயம்' என்ற சொற்றொடர் அங்கேதான் தீர்மானமாயிற்று. சரித்திர ஆசிரியர்கள் தீர்மானத்தை எழுதி வைத்தார்கள். திடலில் கூடிய ஜனங்களின் காதில் அதைக் கொண்டு சேர்த்த கருவியை யார் நினைக்கிறார்கள்? அந்தக் காலத்து ஆம்ப்ளிஃபயர்களுக்குள் தணலாகக் கனன்று கொண்டிருந்தவை வால்வுகள். அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிச் சாலையில் 1947 டிசம்பரிலேயே டிரான்ஸிஸ்டர் பிறந்துவிட்டது. ஆனால் மேடைக்கு வந்து பேசும் வயது அதற்கு இன்னும் ஆகவில்லை.

ஆவடிக்கு அடுத்த அம்பத்தூரில் என் சிநேகிதர் மகன் ஒருவன் இருக்கிறான். தொழிற்பேட்டையில் வேலை; ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயில் பாடகர் குழுவில் பேஸ் கிட்டார் வாசிப்பான். பழைய ரேடியோப் பெட்டிகளில் எனக்குள்ள பைத்தியம் அவனுக்குத் தெரியும். சென்ற வருஷம் சீட்டுப் பணம் கைக்கு வந்ததும் என்னைத் தேடி வந்தான்.

"மாமா, எனக்குச் சுத்தமான நாதம் வேண்டும். வால்வில்தான் ஜீவன் இருக்கிறது என்கிறார்களே, வால்வு ஆம்ப்ளிஃபயர் வாங்கட்டுமா, டிரான்ஸிஸ்டர் வாங்கட்டுமா?"

இருபத்து நான்கு மாதச் சேமிப்பு அது. வாய்க்கு வந்ததைச் சொல்லி அனுப்பிவிட முடியுமா?

இரண்டுக்கும் உள்ள பேதம், சக்தி தீரும் இடத்தில்தான் பெரிதாகத் தெரியும். எல்லைக்குள் இருக்கும் வரை, நன்றாகச் செய்த வால்வும் நன்றாகச் செய்த டிரான்ஸிஸ்டரும் கொடுத்த நாதத்தை ஏறக்குறைய அப்படியே பெருக்கித் தரும். எல்லை கடந்தால், வால்வில் ஒலியலையின் உச்சி மெல்ல வளைந்து மழுங்கும். டிரான்ஸிஸ்டரில் அரிவாளால் சீவியது போல் வெட்டுப்படும். மழுங்கின ஒலியைக் காது 'கதகதப்பு' என்று கொண்டாடுகிறது. கதகதப்பாக இருந்தாலும் அது பிசகின நாதம்தானே!

பேஸ் கிட்டாருக்கோ இந்த எல்லை வெகு சீக்கிரம் வந்துவிடும். அதன் தடித்த தந்தி விநாடிக்குச் சுமார் 41 தடவை அதிர்கிறது. அவ்வளவு தாழ்ந்த சுருதியில் மனிதச் செவி மந்தம். மற்ற வாத்தியங்களுக்குச் சமமாகக் கேட்க வேண்டுமானால் பன்மடங்கு சக்தி தேவை.

இதற்குச் சரித்திரமே சாட்சி சொல்கிறது. லியோ ஃபெண்டர் 1951-இல் பிரிஸிஷன் பேஸ் கிட்டாரை வெளியிட்டார். அதற்கென்றே 1952-இல் 'பேஸ்மேன்' என்ற வால்வு ஆம்ப்ளிஃபயரையும் செய்தார். சத்தத்தைக் கூட்டினால் அது கரகரத்தது. பேஸ் வாசிப்பவர்களுக்கு அது குறை. சாதாரணக் கிட்டார்க்காரர்களோ அந்தக் கரகரப்பையே விரும்பித் தழுவிக்கொண்டார்கள்! லண்டனில் ஜிம் மார்ஷல் 1960-களின் தொடக்கத்தில் தம் முதல் ஆம்ப்ளிஃபயருக்கு அதையே மாதிரியாக வைத்துக்கொண்டார். வால்வைக் கொண்டே பேஸுக்குப் போதிய சக்தி தர 1969-இல் ஆம்பெக் கம்பெனி 300 வாட் கருவி ஒன்றைச் செய்தது. அதில் 14 வால்வுகள். பெட்டியின் கனமோ ஏறத்தாழ நாற்பது கிலோ.

டிரான்ஸிஸ்டரும் முதலில் சமர்த்துப் பிள்ளையாக இருக்கவில்லை. ஆரம்ப கால ஜெர்மேனியம் வகை, சூடு தாங்காமல் தவித்தது. நம் நாட்டில் பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் 1961-இல் வால்வு செய்யத் தொடங்கி, மறு வருஷமே ஜெர்மேனியத்திலும் இறங்கியது. ஒன்று தவழும்போதே அதன் வாரிசுக்கும் தொட்டில் கட்டியாயிற்று! பிறகு ஸிலிக்கன் வந்தது, சக்தி மலிவாயிற்று. இன்று சில கிலோ எடையில் பல நூறு வாட் கிடைக்கிறது.

ஆகவே அவனிடம், "சுத்தமான நாதம்தான் வேண்டுமென்றால் டிரான்ஸிஸ்டரே வாங்கு, தம்பி. உனக்கு வேண்டியதைப் போல் இரண்டு மூன்று மடங்கு சக்தியுள்ளதாகப் பார்த்து வாங்கு. அதற்கு ஈடு கொடுக்கிற நல்ல ஸ்பீக்கரும் வேண்டும். கரகரப்புத்தான் பிடிக்குமானால் வால்வுக்குச் செலவழி, தேயத் தேய வால்வு மாற்றுகிற செலவையும் சேர்த்துக் கணக்குப் போட்டுக்கொள்" என்றேன்.

சற்று யோசித்தான். "சுத்தமாகக் கேட்டால் என் தப்பும் சுத்தமாகக் கேட்குமே, மாமா?" என்றான்.

"கேட்கத்தான் கேட்கும்" என்றேன்.

டிரான்ஸிஸ்டர்தான் வாங்கினான். மீந்த பணத்தில் பெரிய ஸ்பீக்கர் ஒன்று. இப்போது தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம் சாதகம் செய்கிறானாம்.