யார் கொடுத்த அதிகாரம்? கறுப்புப் பட்டியல்களின் கதை

2014. நான் வேலை பார்த்த கம்பெனியில் மொத்தமே முப்பது பேர். புரோகிராம் எழுதுவது என் வேலை. மெயில் சர்வரைப் பார்த்துக்கொள்வதும் எப்படியோ என் தலையில் வந்து விழுந்திருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் சேல்ஸ் நண்பர் ஒரு எக்செல் ஃபைலோடு வந்தார். பதினெட்டாயிரம் இமெயில் முகவரிகள், காசு கொடுத்து வாங்கியது. "ஒரு அறிமுக லெட்டர்தான் சார், எல்லாருக்கும் தட்டி விட்டுடுங்க." அது சரியில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் ஒரு ஸ்கிரிப்ட் எழுதி ஓடவிட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன்.

திங்கட்கிழமை காலையில் அக்கவுண்ட்ஸ் மேடம் என் மேஜைக்கு வந்து நின்றார். மாதக் கடைசி. வாடிக்கையாளர்களுக்கு அனுப்பிய இன்வாய்ஸ் எல்லாம் திரும்பி வந்துகொண்டிருந்தது. ஒவ்வொன்றிலும் 550 என்று ஆரம்பிக்கும் ஒரு வரி: உங்கள் ஐபி முகவரி கறுப்புப் பட்டியலில் இருக்கிறது, விவரத்துக்கு இந்த இணைப்பைப் பாருங்கள். எனக்கு வந்தது வெட்கம் இல்லை, கோபம்தான். எங்க மெயிலை நிறுத்த இவங்க யாரு? இவங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போய்த்தான் இந்தக் குறிப்புகள் சேர்ந்தன.

முதலில் ஒரு விஷயம். இமெயில் சந்தேகத்தின் மேல் கட்டப்பட்டது இல்லை. எஸ்எம்டிபி விதிமுறை 1982-ல் எழுதப்பட்டபோது, நீங்கள் யார் என்று கேட்கும் ஏற்பாடே அதில் கிடையாது. நீங்கள் சொல்வதுதான் பெயர். அதுமட்டுமில்லை, முன்பின் தெரியாதவருடைய மெயிலையும் வாங்கி அடுத்த ஊருக்குத் தள்ளிவிடுவதை அன்றைய சர்வர்கள் ஒரு மரியாதையாகவே செய்தன. வழிப்போக்கனுக்குத் திண்ணை விட்டு வைப்பது போல. இதற்கு ஓபன் ரிலே என்று பெயர்.

விளம்பர மெயில் அதற்கும் முந்தியது. 1978 மே மாதம் டிஇசி கம்பெனியின் கேரி தூர்க் என்ற விற்பனையாளர், புதிய கணினிகளை அறிமுகப்படுத்த ஆர்பாநெட்டில் இருந்த சுமார் நானூறு பேருக்கு ஒரே செய்தியை அனுப்பினார். திட்டும் வாங்கினார், வியாபாரமும் ஆனது. இந்த இரண்டாவது பாதிதான் பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் காரணம். தொண்ணூறுகளின் நடுவில் இணையம் பொதுமக்கள் கைக்கு வந்ததும் திண்ணையில் திருடர்கள் வந்து படுத்துக்கொண்டார்கள். யாரோ ஒரு பல்கலைக்கழகத்தின் சர்வர் வழியாக லட்சக்கணக்கில் குப்பை போகும். அனுப்பியவனுக்குச் செலவில்லை. வட்டும் கம்பியும் அடுத்தவருடையது.

பால் விக்ஸி என்பவரை, டிஎன்எஸ் சர்வர் மென்பொருளான பைண்டைப் பராமரித்தவர் என்று நம் துறையில் பலருக்குத் தெரியும். அவரும் டேவ் ராண்டும் சேர்ந்து மேப்ஸ் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். ஆங்கிலத்தில் ஸ்பாம் என்ற சொல்லைப் பின்னாலிருந்து எழுதினால் வரும் பெயர் அது. அவர்களுடைய பட்டியலுக்கு ஆர்பிஎல் என்று பெயர். ஆரம்பத்தில் இது ரவுட்டர்களுக்குப் போகும் பட்டியல். இதில் ஏறிய நெட்வொர்க்கிலிருந்து மெயில் மட்டுமில்லை, எதுவுமே உள்ளே வராது. முழுப் புறக்கணிப்பு.

பிறகு அதே பட்டியலை டிஎன்எஸ் வழியாகவும் கொடுக்க ஆரம்பித்தார்கள். இதில் இருக்கும் எளிமையை நினைத்தால் எனக்கு இன்னமும் சந்தோஷமாக இருக்கும். 192.0.2.99 என்ற முகவரியிலிருந்து ஒரு மெயில் வருகிறது என்று வையுங்கள். வாங்கும் சர்வர் அந்த எண்களைத் திருப்பிப் போட்டு, 99.2.0.192 என்பதற்குப் பின்னால் பட்டியலின் பெயரை ஒட்டி, இப்படி ஒரு முகவரி இருக்கா என்று சாதாரண டிஎன்எஸ் கேள்வியாகக் கேட்கும். இல்லை என்று பதில் வந்தால் நீங்கள் நல்லவர். 127.0.0.2 என்று வந்தால் மாட்டிக்கொண்டீர்கள். ஏற்கெனவே உலகம் முழுக்க ஓடிக்கொண்டிருந்த டிஎன்எஸ்ஸையே தூது போக வைத்துவிட்டார்கள். புதிதாக எதையும் நிறுவ வேண்டியதில்லை.

இதில் கவனிக்க வேண்டியது, பட்டியல் எதையும் தடுப்பதில்லை. அது கேட்டால் சொல்லும், அவ்வளவுதான். கேட்பதா, கேட்டதை நம்புவதா என்பதெல்லாம் வாங்கும் சர்வரை நடத்துபவரின் இஷ்டம். என் வாடிக்கையாளர்களின் அட்மின்கள் எங்கோ இருந்த ஒரு பட்டியலை நம்பினார்கள், என்னை நம்பவில்லை. அதிகாரத்தைக் கொடுத்தது அவர்கள்தான்.

இதனால் வேலை நடந்ததும் உண்மை. 1998-ல் வந்த சென்ட்மெயில் 8.9 பதிப்பிலிருந்து ரிலே வசதி முன்கூட்டியே மூடப்பட்டே வந்தது. திண்ணைக்குக் கதவு போட்டாயிற்று. ஆனால் கதவைத் தட்டிப் பார்க்கிறேன் பேர்வழி என்று அத்துமீறியவர்களும் உண்டு. நியூசிலாந்திலிருந்து நடந்த ஆர்ப்ஸ் என்ற பட்டியல், யாரிடமும் கேட்காமல் உலகத்துச் சர்வர்களை எல்லாம் சோதித்து, ஓபன் ரிலே என்றால் ஏற்றிவிடும். வழக்குகளுக்குப் பிறகு 2001-ல் அது மூடப்பட்டது.

ஒசிருசாஃப்ட் கதை இன்னும் மோசம். 2003 ஆகஸ்டில் அந்தப் பட்டியலின் சர்வர்கள் கடும் தாக்குதலில் இருந்தன. நடத்தியவர் வெறுத்துப்போய்க் கடையை மூட முடிவு செய்தார். மூடிய விதம்தான் விசேஷம். யார் எந்த ஐபியைக் கேட்டாலும் 'பட்டியலில் இருக்கிறது' என்று பதில் வரும்படி செய்துவிட்டார். உலகமே கறுப்புப் பட்டியலில்! அதை நம்பியிருந்த சர்வர்கள் வந்த மெயிலை எல்லாம் திருப்பி அனுப்பின. இந்தப் பட்டியல்கள் எப்படி நடக்க வேண்டும் என்று 2010-ல் வந்த ஆர்எஃப்சி 5782 சொல்கிறது. 127.0.0.2 என்ற சோதனை முகவரி எப்போதும் பட்டியலில் இருக்க வேண்டும், 127.0.0.1 எப்போதும் இருக்கக் கூடாது. இரண்டையும் அவ்வப்போது கேட்டுப் பார்த்தால், பட்டியல் உயிரோடு இருக்கிறதா, புத்தி பேதலித்துவிட்டதா என்று தெரிந்துவிடும்.

சரி, தப்பாக ஏற்றிவிட்டார்கள் என்று நினைப்பவர் கோர்ட்டுக்குப் போகலாம் இல்லையா? போனார்கள். அதில் எனக்குப் பிடித்தது ஈ360 வழக்கு.

ஸ்பாம்ஹவுஸ் அமைப்பை 1998-ல் லண்டனில் தொடங்கியவர் ஸ்டீவ் லின்ஃபோர்ட். சிகாகோ பக்கத்து விளம்பர மெயில் கம்பெனியான ஈ360 தன்னைப் பட்டியலில் ஏற்றியதற்காக 2006-ல் வழக்குப் போட்டது. ஸ்பாம்ஹவுஸ் முதலில் வக்கீல் வைத்தது, பிறகு அமெரிக்க நீதிமன்றம் எங்களைக் கட்டுப்படுத்தாது என்று விலகிக்கொண்டது. எதிர்த்து வாதாட ஆள் இல்லாத வழக்கில் வாதி கேட்டது கிடைத்தது: 1,17,15,000 டாலர். ஸ்பாம்ஹவுஸ் கட்டவில்லை, பட்டியலை மாற்றவும் இல்லை. அதன் டொமைனையே முடக்கும்படி ஐகான் அமைப்புக்கு உத்தரவிடுங்கள் என்று ஈ360 கேட்டது. நீதிபதி மறுத்தார். மேல்முறையீட்டில் தொகை ரத்தானது, கணக்கை மறுபடி போடச் சொன்னார்கள். 2010-ல் அது 27,002 டாலராக இறங்கியது. ஈ360 அதையும் எதிர்த்து மேலே போனது. நஷ்டத்துக்கு ஒழுங்கான கணக்கே காட்டவில்லை என்று சொல்லி 2011-ல் ஏழாவது சர்க்யூட் நீதிமன்றம் கொடுத்த இறுதித் தொகை மூன்று டாலர். மூன்று குற்றச்சாட்டு, தலைக்கு ஒரு டாலர். ஐந்து வருஷம் அலைந்து வாங்கிய காசுக்கு இரண்டு காபி தேறுமா என்பது சந்தேகம்.

இதைப் படித்துச் சிரித்தேன். அதே சமயம் கொஞ்சம் பயமாகவும் இருந்தது. ஊர்ப் பஞ்சாயத்து ஒருவரை ஒதுக்கி வைப்பதைக் கேள்விப்பட்டிருக்கிறோம். யாரும் அவரை அடிக்க வேண்டாம், எல்லாரும் பேசாமல் இருந்தாலே போதும். நம்ம பக்கம் அந்த ஆயுதம் யார் மேல் பிரயோகிக்கப்பட்டது என்ற வரலாறும் தெரியும். ஸ்பாம் அனுப்புகிறவனுக்காக நான் பரிந்து பேசவில்லை. ஆனால் அப்பீல் இல்லாத இடத்தில் பட்டியல் வைத்திருப்பவரின் நேர்மையை மட்டுமே நம்பி நிற்கிறோம்.

என் கதைக்கு வருகிறேன். விலைக்கு விற்கும் பட்டியல்களில் பொறி முகவரிகள் கிடக்கும். மனுஷன் யாருமே பயன்படுத்தாத, வெப் பக்கங்களில் ஒளித்து வைத்த முகவரிகள், அல்லது உரியவர் விட்டுவிட்டுப் போய் பல வருஷமான முகவரிகள். அவை யாரிடமும் எதற்கும் சம்மதம் கொடுத்திருக்க முடியாது. ஆகவே அங்கே ஒரு மெயில் வந்து விழுந்தாலே அனுப்பியவர் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துவிடும். நாங்கள் எத்தனை பொறியில் கால் வைத்தோமோ.

நீக்கச் சொல்லும் படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது: பிரச்சினையை எப்படிச் சரிசெய்தீர்கள்? தெரியாமல் நடந்துவிட்டது என்று பொய் எழுதினேன். எடுத்துவிட்டார்கள். மறுநாளே திரும்ப ஏறியது. அப்போதுதான் உறைத்தது, சர்வர் வரிசையில் இன்னும் சில ஆயிரம் மெயில் தேங்கி நின்று அரைமணிக்கொரு தரம் மறுபடி முயன்றுகொண்டிருந்தது. வரிசையைக் காலிசெய்தேன், ஸ்கிரிப்டை அழித்தேன், எக்செல் ஃபைலை அழித்தேன், நடந்ததை நடந்தபடி எழுதி அனுப்பினேன். இரண்டு நாளில் விடுதலை. பிறகு எஸ்பிஎஃப், டிகேஐஎம் இரண்டையும் ஒழுங்காகப் போட்டு, புது வாடிக்கையாளர் தேடும் மெயிலுக்குத் தனி சப்டொமைன், தனி ஐபி ஒதுக்கினேன். சேல்ஸ் பேர் கெட்டாலும் இன்வாய்ஸ் போய்ச்சேரணும்.

இன்று அந்தப் பழைய பட்டியல்களின் இடத்தைப் பெரும்பாலும் பெரிய மெயில் கம்பெனிகளின் உள்கணக்கு பிடித்துவிட்டது. 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலுக்கு ஒரு நாளைக்கு 5,000-க்கு மேல் அனுப்புகிறவர்கள் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றும் வைத்திருக்க வேண்டும், விளம்பர மெயில் என்றால் ஒரே கிளிக்கில் விலகும் வசதி வேண்டும், ஸ்பாம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது. நியாயமான விதிகள்தான். ஆனால் மதிப்பெண் எப்படிப் போடப்படுகிறது என்பது வெளியே தெரியாது. விக்ஸி காலத்துப் பட்டியலில் நான் இருக்கிறேனா என்று உலகில் எவரும் ஒரு டிஎன்எஸ் கேள்வியில் தெரிந்துகொள்ளலாம். முகத்தில் அடித்த மாதிரி 550 என்று சொல்லி, காரணத்தையும் சொல்லித்தான் கதவைச் சாத்தினார்கள். இப்போது கதவு திறந்தே இருக்கிறது. உள்ளே போன மெயில் எங்கே போனது என்பதுதான் தெரியாது.

இதை 2014-லேயே நான் பார்த்திருந்தேன், ஆனால் புரிந்துகொள்ளவில்லை. கறுப்புப் பட்டியலில் இருந்த அதே வாரம், இன்டர்வியூவில் தேர்வான ஒரு பெண்ணுக்கு எச்ஆர் ஆஃபர் லெட்டர் அனுப்பியிருந்தார். அவருடையது இலவச மெயில் கணக்கு. இன்வாய்ஸ்கள் திரும்பி வந்தன, இந்த லெட்டர் வரவில்லை. ஆகவே யாரும் கவலைப்படவில்லை. பத்து நாள் கழித்து எச்ஆர் போன் செய்தபோது, உங்ககிட்டேர்ந்து ஒண்ணுமே வரலையே சார், வேற இடத்துல சேர்ந்துட்டேன் என்றார். போனை வைக்காமலேயே தேடிப் பார்த்திருக்கிறார். ஸ்பாம் பெட்டியில், ஏதோ ஒரு லாட்டரி மெயிலுக்குக் கீழே இருந்திருக்கிறது.

சர்வர் லாகைத் திறந்து பார்த்தேன். செவ்வாய்க்கிழமை மதியம் 2:40. 250, ஓகே.