மாலை விருந்துக்கான உடை: பயணக் கப்பலும் சென்னையின் மேற்குப் பகுதியும்

சொகுசுக் கப்பல்களில் 'ஃபார்மல் நைட்' எனப்படும் மாலைகளில் ஆண்கள் கறுப்பு டின்னர் ஜாக்கெட், வெள்ளைச் சட்டை, போ டை அணிவதும், பெண்கள் தரை தொடும் கவுன் அணிவதும் நெடுங்கால வழக்கம். ஏழு இரவுப் பயணத்தில் இப்படி இரண்டு மாலைகள் அமைவது பொதுவான கணக்கு. இவ்வழக்கம் இங்கிலாந்தில் முழுமை பெற்று, அப்படியே கப்பலேறி வந்ததாக எண்ணுவதுண்டு. அது பாதி உண்மைதான். இந்தியக் கடல்வழியின் வெப்பத்திலும், இங்கிருந்த படை அதிகாரிகளின் மெஸ்களிலும் அந்த உடை குட்டையாயிற்று, வெளுத்தது, இடுப்புப் பட்டையைச் சேர்த்துக்கொண்டது. பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர் ஆகிய ஊர்கள் கடலிலிருந்து தள்ளி இருந்தாலும் இந்த வரலாற்றோடு பல இடங்களில் தொட்டுக்கொள்கின்றன.

பி அண்ட் ஓ கப்பல் கம்பெனியின் 'ஹிந்துஸ்தான்' என்ற நீராவிக் கப்பல் 1842இல் சவுத்தாம்ப்டனிலிருந்து கிளம்பியது. சூயஸுக்கும் கல்கத்தாவுக்கும் இடையே தபால் கொண்டுசெல்வது அதன் வேலை. வழியில் சென்னையிலும் நின்றது. அதற்கு முன் பாய்க்கப்பலில் மாதக்கணக்கில் நீண்ட பயணம், இப்போது வாரக்கணக்கில் முடிந்தது. பயணம் சுருங்கியதும் கப்பலின் உணவுக்கூடம் ஒரு தற்காலிக ஊர்ச்சபை போல ஆயிற்று. முதல் வகுப்புப் பயணிகளில் பெரும்பாலோர் சிவில் அதிகாரிகள், படை அதிகாரிகள், தோட்டத் துரைகள், அவர்களின் மனைவிமார். கரையில் இறங்கிய பிறகும் இவர்கள் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க வேண்டியவர்கள். ஆகவே யார் எந்த மேசையில் அமர்வது, எந்த உடையில் வருவது என்பதெல்லாம் கரையில் இருந்த அதே கண்டிப்போடு நடந்தது.

பெட்டி கட்டும் முறையும் இதற்கேற்ப அமைந்தது. கேபினில் வைத்துக்கொள்ளும் பெட்டி, பயணத்தின் நடுவே எடுக்க வேண்டிய பெட்டி, இறங்கும்வரை கப்பலின் அடித்தளத்திலேயே கிடக்கும் பெட்டி எனச் சாமான் மூன்று வகையாகச் சீட்டு ஒட்டப்பட்டது. மாலை உடைகள் இரண்டாம் வகைப் பெட்டியில் இருந்தன. புறப்படும் இரவிலும் இறங்குவதற்கு முந்தைய இரவிலும் விருந்து உடை கட்டாயமில்லை என்ற விதி இதிலிருந்து பிறந்தது. பெட்டி திறக்கப்படாதபோது யாரையும் குறை சொல்ல முடியாதல்லவா! சூட்கேஸ் கேபின் கட்டிலுக்கடியிலேயே கிடக்கும் இக்காலத்திலும் பல கப்பல்கள் இதே விதியைத் தொடர்வது வேடிக்கைதான்.

சென்னைக் கரையில் இறங்கிய ஆங்கிலேயப் படைவீரர்களுக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் முதல் தங்கல்களுள் ஒன்றாக இருந்தது பூந்தமல்லி. நகரத்துக்கு மேற்கே சுமார் 13 மைல் தொலைவில், பழைய கோட்டையை ஒட்டி அமைந்த படைத்தளம் அது. நோயுற்ற ஐரோப்பிய வீரர்கள் தேறுவதற்கும் அங்கேதான் அனுப்பப்பட்டார்கள். சாதாரணச் சிப்பாய்க்குக் கப்பலில் மாலை உடை என்ற பேச்சே கிடையாது. கீழ்த்தளத்தில் தொங்குபடுக்கையும் தகரத் தட்டும்தான். அவனை அழைத்துவந்த அதிகாரிக்கு அப்படியல்ல. கப்பலில் உடுத்திய அதே முறையில் மெஸ்ஸிலும் இரவு உணவுக்கு உடுத்தியாக வேண்டும். படை அதிகாரியின் மெஸ் விதிகளும் கப்பலின் உணவுக்கூட விதிகளும் ஒன்றையொன்று ஒத்திருந்ததற்கு இந்த ஆட்களே காரணம். அதே மனிதர்கள்தாம் இரண்டு மேசைகளிலும் மாறி மாறி உட்கார்ந்தார்கள்.

உடை மாறியதற்கு முதற்காரணம் வெப்பம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை மாலை உடை என்றால் பின்புறம் வால் தொங்கும் கறுப்புக் கம்பளிக் கோட்டுதான். சூயஸைத் தாண்டிச் செங்கடலில் நுழைந்ததும் அதை அணிந்து உண்பது தண்டனையாகிவிடும். உணவுக்கூடத்தில் கயிறிழுத்து ஆட்டும் பங்கா தவிர வேறு காற்று கிடையாது. வேல்ஸ் இளவரசர் எட்வர்டு 1865இல் லண்டனின் ஹென்றி பூல் தையலகத்தில், வீட்டு விருந்துகளுக்கென்று வாலில்லாத குட்டைக் கோட்டு ஒன்றைத் தைத்துக்கொண்டார். 1875இல் 'செராபிஸ்' என்ற கப்பலில் இந்தியாவுக்கு வந்தபோது, கப்பலில் இரவு உணவுக்குப் பட்டு மடிப்பு வைத்த குட்டைக் கோட்டும் கறுப்பு டையும் போதும் என்று தம் குழுவினருக்கு அனுமதித்தார். அந்தப் பயணத்தில் அவர் சென்னைக்கும் வந்தார். டின்னர் ஜாக்கெட்டின் பிறப்பிடமாக நியூயார்க் அருகேயுள்ள டக்ஸிடோ பார்க்கைச் சொல்வோர் உண்டு. அங்கே அது பரவியது 1886ஐ ஒட்டி. இந்தியாவுக்கு வந்த கப்பல்மேசை அதற்குப் பத்தாண்டு முந்தியது.

மெஸ்களில் மாற்றம் இன்னும் துணிச்சலாக நடந்தது. இடுப்போடு நின்றுவிடும் வெள்ளை மெஸ் ஜாக்கெட் வெப்ப நாடுகளில் வழக்கமாயிற்று. இந்தியாவில் வேலையாட்களும் சிப்பாய்களும் இடுப்பில் சுற்றிய துணிப் பட்டையைப் பார்த்த அதிகாரிகள், கனத்த வெயிஸ்ட்கோட்டைக் கழற்றிவிட்டு அந்தப் பட்டையைக் கட்டிக்கொண்டார்கள். கமர்பந்து எனும் இந்தப் பட்டை லண்டன் விருந்துகளுக்குச் சென்றது இந்த வழியில்தான். கடற்படையினர் ஒருபடி மேலே போனார்கள். ஜாக்கெட்டையே விட்டுவிட்டு, வெள்ளைச் சட்டை, கறுப்புக் காற்சட்டை, கமர்பந்து என்று நிறுத்திக்கொண்டார்கள். 'ரெட் சீ ரிக்' எனும் இந்த உடை இந்தியக் கடற்படையில் இன்றும் இருக்கிறது. 1930களில் வெள்ளை மெஸ் ஜாக்கெட் பொதுமக்களின் கோடைக்கால நாகரிகமாகச் சிலகாலம் ஓடியது. ஹோட்டல் பணியாட்களும் அதையே அணியத் தொடங்கியதால் விருந்தாளிகள் அதைக் கைவிட்டார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் காரணம். விருந்து உடையின் நோக்கமே ஆளை வேறுபடுத்திக் காட்டுவது என்பதால் அதை நம்பலாம்.

வெப்பம் கோட்டைக் குட்டையாக்கியது. ஆனால் கதவைத் திறந்துவிடவில்லை. 1888 செப்டம்பரில் 'கிளைட்' என்ற பி அண்ட் ஓ கப்பலில் லண்டனுக்குப் போன மோகன்தாஸ் காந்தி, கப்பலில் கறுப்பு சூட்டே உடுத்தினார். முள்கரண்டி பிடிக்கத் தெரியாத கூச்சத்தாலும், எது மரக்கறி என்று கேட்கத் துணியாததாலும் உணவுக்கூடத்துக்குப் போகாமல், கையோடு கொண்டுபோன இனிப்பையும் பழத்தையும் கேபினிலேயே உண்டார். கரையிறங்குவதற்கென்று பத்திரமாக வைத்திருந்த வெள்ளை ஃபிளானல் உடையில் செப்டம்பர் இறுதியில் இறங்கி, அந்த இலையுதிர்காலத் தொடக்கத்தில் அப்படி உடுத்தியவர் தாம் ஒருவரே என்று வெட்கப்பட்டதையும் தம் சுயசரிதையில் எழுதியுள்ளார். 43 ஆண்டுகள் கழித்து வட்டமேசை மாநாட்டுக்காக 'ராஜ்புதானா' கப்பலில் சென்றபோது அவர் உடுத்தியது முழங்காலளவு கதர். தமிழ்நாட்டில் இதற்கு இணையான நிகழ்வு சீனிவாச இராமானுஜனுடையது. 1914 மார்ச் 17 அன்று 'நெவாசா' கப்பலில் சென்னையிலிருந்து புறப்படுமுன் அவருடைய குடுமி எடுக்கப்பட்டது. காலரும் ஷூவும் கத்தியும் முள்கரண்டியும் பழக்கப்படுத்தப்பட்டன. கணிதத்தில் யாரிடமும் பணியாதவர், கப்பல் உணவுமேசைக்காக இவ்வளவுக்கும் உட்பட வேண்டியிருந்தது.

இவர்களேனும் கேபின் பயணிகள். சென்னைத் துறைமுகத்திலிருந்து கடல் கடந்த தமிழர்களில் மிகப் பெரும்பாலோருக்குக் கேபினே இல்லை. 1926இல் ஓடத் தொடங்கி 1973வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் வழியில் போய்வந்த 'ரஜூலா', தொடக்கத்தில் ஐயாயிரம் டெக் பயணிகள் வரை ஏற்ற உரிமம் பெற்றிருந்தது. கேபின்கள் மிகச் சில. அந்தச் சிலருக்குத் தனி உணவுக்கூடம். மற்றவர்களுக்குப் பாயும் டிபன் கேரியரும். கப்பல் உடை விதிகளைப் பற்றிய ஆங்கில நூல்கள் இந்தத் தளத்தைப் பெரும்பாலும் எட்டிப் பார்ப்பதில்லை. கப்பலில் எல்லோரும் விருந்துக்கு உடுத்தினார்கள் என்ற எண்ணம் அதனால் வந்தது.

மேற்கு ஊர்களுக்கும் கடலுக்கும் இடையே இருந்த இணைப்பு இரயில். இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை 1856 ஜூலை 1 அன்று திறக்கப்பட்ட தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் பாதை அம்பத்தூர், ஆவடி வழியாகவே சென்றது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. 1871இல் பம்பாயும் சென்னையும் இரயிலால் இணைந்தன. அதன்பின் சென்னைக்கு வரும் சீமைப் பயணிகள் பலர் பம்பாயில் இறங்கி மெயில் வண்டி பிடித்தார்கள். கப்பலில் மாலைதோறும் உடுத்திய கோட்டுகளும் கவுன்களும் டிரங்குப் பெட்டிகளில் ஆவடியைக் கடந்து நகருக்குள் போயின.

ஆவடி படை ஊராக வளர்ந்தது இரண்டாம் உலகப்போர்க் காலத்தில். போர் முடிந்து பத்தாண்டுக்குள், 1955 ஜனவரியில், சோஷலிச மாதிரிச் சமுதாயமே குறிக்கோள் என்று அறிவித்த காங்கிரஸ் மாநாடு அங்கே கூடியது. வேட்டியும் கதர்ச் சட்டையும் ஆட்சியின் உடையாகிவிட்ட காலம் அது. ஆனால் அதே ஆவடியின் படை வளாகங்களில் ஆங்கிலேயர் விட்டுப்போன மெஸ் முறை தொடர்ந்தது. 1961இல் அங்கே தொடங்கப்பட்ட படைத்துறை உடைத் தொழிற்சாலை (இன்று ட்ரூப் கம்ஃபர்ட்ஸ் லிமிடெட் நிறுவனத்தின் ஓர் அலகு) வீரர்களின் சீருடைகளை ஆயிரக்கணக்கில் தைக்கிறது. மெஸ் விருந்து உடை மட்டும் அந்தத் தொழிற்சாலையின் தையல் மேசைகளுக்கு வருவதில்லை. அதை ஒவ்வோர் அதிகாரியும் சொந்தச் செலவில், படை உடை தைக்கத் தெரிந்த தையற்காரரிடம் அளவு கொடுத்துத் தைத்துக்கொள்வார். 2017 ஜூலையில் அதிகாரிகளுக்கு ஆண்டுக்கு 20,000 ரூபாய் உடைப்படி நிர்ணயிக்கப்பட்டது. சீருடை அரசுடையது, விருந்து உடை தனிமனிதருடையது என்ற பழைய பிரிவு இன்னும் அழியவில்லை.

உடை பற்றிய விடுதலைக்குப் பிந்தைய உரசல் மெஸ்ஸில் எழவில்லை, சென்னையின் கிளப்புகளில் எழுந்தது. 2014 ஜூலையில் சேப்பாக்கத்தில் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் கிளப்பில் நடந்த நூல் வெளியீட்டுக்கு வேட்டியில் சென்ற உயர்நீதிமன்ற நீதிபதி டி. அரிபரந்தாமனுக்கு அனுமதி மறுக்கப்பட்டது. அடுத்த மாதமே, வேட்டி கட்டியவரைப் பொது இடங்களிலும் கிளப்புகளிலும் தடுப்பதைக் குற்றமாக்கும் சட்டம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. ஓராண்டுவரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், கிளப்பின் உரிமம் ரத்து ஆகியவை அதிலுள்ள தண்டனைகள். புடவைக்கு இந்தச் சிக்கல் அநேகமாக எழவில்லை என்பது கவனிக்கத்தக்கது. பட்டுப்புடவையை கவுனுக்கு நிகராக ஏற்றுக்கொண்ட அதே வாசல், பட்டுக்கரை வேட்டியை இரவு உடைபோல நடத்தியது. 2024 பிப்ரவரியில் கடற்படை தன் மெஸ்களில் குர்தா பைஜாமாவை அனுமதித்தது. மிகக் கண்டிப்பான வாசல் எனக் கருதப்பட்டது இப்படித் தானாகவே இளகியது.

கடலிலும் இளக்கம் முன்பே தொடங்கிவிட்டது. ஜெட் விமானங்கள் வந்தபின் 1960களிலும் 70களிலும் வழக்கமான பயணக் கப்பல்கள் நின்றன. சென்னையில் 'ரஜூலா'வுக்குப் பின் வந்த 'சிதம்பரம்' ஒரு தீ விபத்தோடு முடிந்தது. எஞ்சியது உல்லாசப் பயணம். ஊருக்குப் போக வேண்டிய கட்டாயத்தில் கப்பலேறியவன் விதிக்கு அடங்கினான்; விடுமுறைக்குப் பணம் கட்டியவனை அடக்குவது கடினம். 2000இல் நார்வீஜியன் குரூஸ் லைன், விரும்பிய உடையில் விரும்பிய நேரத்தில் உண்ணலாம் என்ற முறையைத் தொடங்கியது. குனார்டு போன்ற சிலர் மட்டும் கறுப்பு டை மாலைகளை வைத்திருக்கிறார்கள்; அங்கும் டின்னர் ஜாக்கெட்டுக்கு ஈடாகக் கறுத்த சூட்டும் அவரவர் தேசிய உடையும் ஏற்கப்படுகின்றன. அந்தப் பட்டியலில் சரிகைக் கரை வேட்டிக்கும் அங்கவஸ்திரத்துக்கும் இடமுண்டு. தமிழ்நாட்டுச் சட்டம் நடுக்கடலில் வேற்றுக்கொடிக் கப்பலைக் கட்டுப்படுத்தாது; எனினும் அதற்குத் தேவையே எழவில்லை.

சென்னையிலிருந்தே உல்லாசக் கப்பல் கிளம்பியது 2022 ஜூன் 4 அன்று. முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கொடியசைத்த கார்டெலியா நிறுவனத்தின் 'எம்ப்ரெஸ்', 1990இல் ராயல் கரீபியன் நிறுவனத்துக்காகக் கட்டப்பட்ட கப்பல். 2023 ஜூனில் அது அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை எனச் சென்று, யாழ்ப்பாணக் கரையைத் தொட்ட முதல் உல்லாசக் கப்பல் ஆயிற்று. சில இரவுகளே நீளும் குடும்பப் பயணங்களில் உடை மாலைகளுக்குப் பெரிய இடமில்லை. ஏழு இரவோ மேலோ போக விரும்பும் அம்பத்தூர்க் குடும்பம் மீனம்பாக்கத்தில் விமானம் ஏறி, சிங்கப்பூரிலோ மத்தியதரைக் கடல் துறைமுகம் ஒன்றிலோ கப்பலைப் பிடிக்க வேண்டும். அப்போது பெட்டியின் எடை முக்கியமாகிறது.

அந்தப் பெட்டியில் போவது பெரும்பாலும் கல்யாணத் துணிதான். முகூர்த்தத்துக்குப் பட்டுவேட்டி, மாலை ரிசப்ஷனுக்குக் கோட்-சூட் என்ற பிரிவு தமிழ்க் குடும்பங்களில் நிலைத்துப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. மாலை என்றால் கறுப்புக் கோட்டு என்ற கப்பல்மேசை விதி ஊரில் வேரூன்றியது இந்த வடிவத்தில்தான் என்று கொள்ளலாம். குளிரூட்டப்பட்ட மண்டபங்கள் பெருகியபின் அந்தக் கோட்டு உடலுக்கும் ஒத்துக்கொண்டது. பெண்கள் தரப்பில் புதிதாக எதுவும் வாங்கத் தேவையில்லை. பூந்தமல்லியைத் தாண்டி மேற்கே போகும் சாலை காஞ்சிபுரம் வழியாகத்தான் செல்கிறது, புடவை ஏற்கெனவே அலமாரியில் இருக்கும். ஆறு கஜத்தைக் கப்பலின் குறுகிய கேபினில் கட்டுவதும், ஆடும் படிக்கட்டில் கொசுவம் தடுக்காமல் இறங்குவதும் வேறு பயிற்சி. கனமான பட்டுக்குப் பதில் மென்பட்டு எடுத்துப்போவோர் இதனாலேயே. ஆண்களுடைய சிக்கல் இடுப்பளவு. ரிசப்ஷனுக்குத் தைத்த காற்சட்டை பத்தாண்டு கழித்துப் பொருந்தாது. நல்ல தையற்காரர் பின்தையலில் ஓர் அங்குலத்துக்கு மேல் துணி விட்டிருப்பார். அதைப் பிரித்துத் தைத்துத் தரச் சொல்லி, கூடவே ஒரு கறுப்பு போ டையும் வாங்கிக்கொண்டால் மாலை உடை தயார்.